ஒருவரிக்காரர்

நானும் என் சகலையும் அன்று ஒரே மாதிரி சட்டை போட்டிருந்ததை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஐயா. எங்கள் மாமியார் எதை வாங்கினாலும் இரண்டாகத்தான் வாங்குவார். மூத்த மருமகனுக்கு ஒன்று, இளைய மருமகனுக்கு ஒன்று. நிறம், கோடு, பொத்தான் எதிலும் இம்மியளவு வித்தியாசம் இருக்காது. இருந்தால் அவருடைய இரண்டு பெண்களில் ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். மூத்த மருமகன் நான். இதை ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் குழப்பம் வரக்கூடாது.

எங்கள் நிறுவனம் கணினிகளுக்கு இயங்குதளம் செய்கிறது. பொத்தானை அமுக்கியதும் முதலில் கண்விழித்து, மற்ற எல்லாவற்றையும் தட்டி எழுப்புகிற மென்பொருள் அது. சகலையின் நிறுவனமும் அதையேதான் செய்கிறது, தெருவின் எதிர்ப்பக்கத்தில். எங்கள் வாசலில் நின்றால் அவர்கள் வரவேற்பறைச் செடித்தொட்டி தெரியும். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கத்து டீக்கடைக்குப் போகமாட்டார்கள், அவர்கள் இந்தப் பக்கத்துக் கடைக்கு வரமாட்டார்கள். நடுவில் இருக்கும் பேருந்து நிறுத்தத்தில்கூட இரண்டு தரப்பும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவ்வளவு ஆகாது.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். என் மேசைப் பலகையில் "மூலத் தூய்மை அலுவலர்" என்று இருக்கும். பயந்துவிடாதீர்கள், எளிமையான வேலைதான். ஒரு கணினி இன்னொரு கணினியோடு பேசுவதற்கென்று இயங்குதளத்தில் ஒரு பகுதி உண்டு. அதை எங்கள் நிறுவனத்தில் யாரும் எழுதவில்லை. ரொம்ப காலத்துக்கு முன்பு ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் உட்கார்ந்து எழுதி, ஊருக்கே சும்மா கொடுத்துவிட்டார். எழுதிய ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இப்படிப் போட்டிருந்தார்: இதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். மேலே இருக்கும் பெயரை மட்டும் நீக்க வேண்டாம். இதனால் ஏதாவது கெட்டுப்போனால் என்னைக் கேட்க வேண்டாம். அவ்வளவுதான் நிபந்தனை. அதற்கு மேல் ஒரே ஒரு வரியில் அவர் பெயர்.

அந்த வரியை எடுப்பதுதான் என் வேலை.

எங்கள் முதலாளி எந்த மேடை ஏறினாலும் "இது முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எங்கள் சொந்த உழைப்பு" என்று கண்கலங்கச் சொல்வார். கண் கலங்குவது நிஜம், நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல மனிதரை நான் பொய்யராக்கலாமா? ஒவ்வொரு முறை புதுப் பதிப்பு வெளியாகும்போதும் கோப்புகளின் தலையை நறுக்கி, வெட்டிய இடம் தெரியாமல் சீவி அனுப்புவேன். இந்த வேலையில் கைத்திறன் வேண்டும், ஐயா. அவசரப்பட்டால் மேலே ஒரு வெற்று வரி நின்றுவிடும். விவரம் தெரிந்தவன் பார்த்தால் அங்கே யாரோ இருந்தார் என்று கண்டுபிடித்துவிடுவான்.

சகலைக்கும் எதிர்க் கட்டடத்தில் இதே வேலை. நாங்கள் இதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. மாமியார் வீட்டில் சாப்பிட உட்காரும்போது "ஆபீஸ்ல வேலை எப்படிண்ணே?" என்பார். "ஓடுது, சகலை" என்பேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் பத்தி பத்தியாகச் செய்தித்தாள் படிக்கும்போது அவர் கண் மேலே எழுதியவர் பெயரைத் தாண்டி நேராகச் செய்திக்குப் போவதை ஒருநாள் கவனித்தேன். என் கண்ணும் அப்படித்தான் போகும். அப்போதே புரிந்துகொண்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடலடியில் போகும் ஒரு பெரிய கம்பிவடம் அறுந்த அன்றுதான் சனி பிடித்தது. அந்த மாணவர் எழுதிய நிரலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கணினி இன்னொன்றிடம் "இருக்கியா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் கொஞ்சம் காத்திருந்து மறுபடி கேட்கும். அப்போதும் வராவிட்டால் அதைப்போல் இரண்டு மடங்கு காத்திருக்கும். பிறகு அதற்கும் இரண்டு மடங்கு. ஒரு கட்டத்தில் "ஆள் இல்லை போலிருக்கிறது" என்று விட்டுவிட வேண்டும். அந்த விட்டுவிடும் இடத்தில் ஒரு சின்னப் பிழை. விடாது. காத்துக்கொண்டே இருக்கும், மொத்தக் கணினியும் சிலையாகிவிடும். வடம் அறுந்ததும் எங்கள் கணினிகள் எல்லாம் சிலையாயின. நாங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் வந்தால், எதிர்க் கட்டடத்தின் சன்னல்களில் அவர்களும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாளே இரண்டு நிறுவனங்களும் ஒன்றின்மேல் ஒன்று திருட்டு வழக்குப் போட்டன. எங்கள் முதலாளி கொதித்துப்போனார். பிழையைக்கூட விடாமல் ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறார்கள் என்றார். எதிர் முதலாளியும் அதே வார்த்தையைத்தான் சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நீதிபதிக்குக் கணினி தெரியாது, ஆனால் சட்டென்று பிடித்துவிட்டார். இரண்டு நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றாவது ஆள் ஒருவரைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

அந்த வாரம்தான் ஒருவரிக்காரர் எங்கள் வரவேற்பறைக்கு வந்தார்.

அந்தப் பெயர் நாங்கள் வைத்ததுதான். அந்த நிரலை எழுதிய மாணவர் தான்தான் என்றும், இப்போது காது கேட்கும் கருவிகள் பழுதுபார்க்கிற ஒரு சின்னக் கடை வைத்திருப்பதாகவும் சொன்னார். ஒல்லியான மனிதர், தேய்ந்த செருப்பு. தன் பெயரையும் சொன்னார். நான் அப்போது செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருடிவிட்டீர்கள் என்று சண்டை போட வந்திருக்கிறார் என நினைத்து, உள்ளே அழைத்துப்போய்ச் சன்னலில்லாத அறையில் உட்கார வைத்தேன். அவர் சண்டை போடவில்லை. டீயை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க சார், தப்பு என்னோடது" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த விட்டுவிடும் இடத்தைத் தான்தான் தவறாக எழுதிவிட்டதாகச் சொன்னார். பரீட்சைக்கு முந்தின வாரம் எழுதியது, அவசரம், பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. பேப்பரில் செய்தி பார்த்ததும் சாப்பாடு இறங்கவில்லையாம். சரிசெய்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். கெட்டுப்போனால் என்னைக் கேட்காதே என்று எழுதி வைத்திருந்தவர், ஐயா, யாரும் கேட்காமலே வந்து நிற்கிறார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரிசெய்து முடித்துவிட்டு, தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "அந்த ஒரு வரிய மட்டும் மறுபடி போட்டுருங்க சார். பெருமைக்கு இல்ல. அது இருந்திருந்தா அன்னிக்கே யாராவது எனக்கு ஒரு போன் பண்ணிருப்பாங்க. இத்தன பேர் கஷ்டப்பட்டிருக்க வேண்டாம்."

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவருக்காக என்னென்னவோ செய்து பார்த்தேன். எங்கள் உணவுக்கூடத்துக்கு அவர் பெயரை வைக்கிறோம் என்றேன். வேண்டாம் என்றார். பின்பக்க மின்தூக்கிக்கு வைக்கலாம், அதில் ஏறுகிறவர்கள் எல்லாரும் மேலேறும்வரை வேறு வேலையில்லாமல் அதைத்தான் பார்ப்பார்கள் என்றேன். சிரித்துவிட்டு, மறுபடியும் அந்த வரியையே கேட்டார். நாளுக்கொரு தரம் வந்து கேட்டார். கோபமே படாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் காவலாளியைக் கூப்பிட்டிருக்கலாம்.

நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு வரியைப் போடுவதென்றால் எத்தனை கணினிகளில் போட வேண்டும்? உலகம் பூராவும் இருக்கிறது. எத்தனை வருடத்து மேடைப் பேச்சுகளைத் திரும்ப வாங்க வேண்டும்? முதலாளி கண்கலங்கியதெல்லாம் என்ன ஆகும்? நான் இத்தனை காலம் சீவிச் சீவி வைத்த வேலை என்ன ஆகும்? இந்தப் பக்கம் இவ்வளவு இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள். பெயரைச் சேர்ப்பதைவிட ஆளை நீக்குவது சுலபம் என்ற முடிவுக்கு எந்த நியாயமான மனிதனும் வருவான். நான் கோபத்தில் வரவில்லை. டீ ஆறுவதற்குள் வந்துவிட்டேன்.

அதற்குள் அவர் எதிர்க் கட்டடத்துக்கும் போய் இதையே கேட்டிருக்கிறார். அவர்களும் டீ கொடுத்திருக்கிறார்கள். விஷயம் நீதிபதி காதுக்கு எட்டியதும், ஒப்பிட்டுப் பார்க்க அவர் இவரையே நியமித்துவிட்டார். இரண்டு நிரலையும் பார்த்து இவர் என்ன சொல்வார் என்று தெருவில் போகிற நாய்க்கும் தெரியும். இரண்டுமே என்னுடையதுதான், நான்தான் சும்மா கொடுத்தேன், யாரும் யாரிடமிருந்தும் திருடவில்லை என்பார். வழக்கு முடிந்துவிடும். கூடவே நாங்களும்.

ஒப்பிடுவதற்குத் தெருக்கோடியில் இருக்கும் வாடகைக் கூடத்தை ஒதுக்கினார்கள். இரண்டு நிறுவனத்தின் பெரிய கணினிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆகாதவர்கள்தான், ஆனால் அவ்வளவு குளிராக வைத்திருக்கும் கூடம் ஊரில் அது ஒன்றுதான். எங்கள் ஆட்கள் நுழைய ஒரு கதவு, அவர்கள் நுழைய எதிர்ச்சுவரில் ஒரு கதவு. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது, கணினி கெட்டுவிடும். அதனால் காற்றை வெளியே தள்ளிவிட்டுக் கூடத்தை நிரப்புகிற ஒரு வாயு வைத்திருக்கிறார்கள். கதவுகள் பூட்டிக்கொள்ளும், வாயு வரும், தீ மூச்சுமுட்டி அணைந்துவிடும். தீ மட்டும் அல்ல என்று பக்கத்திலேயே எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்கிறது. ஒரு முட்டாள் தெரியாமல் அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கதவுக்கு வெளியேயும் ஒவ்வொரு பொத்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் வாயு திறக்கும்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் என்ன பேசினோம் என்று கிண்டிக் கேட்கிறீர்கள். ஒன்றுமே பேசவில்லை. சகலை கை கழுவிக்கொண்டே, "உங்க பக்கத்துக் கதவுலயும் பொத்தான் சிவப்பாண்ணே?" என்று கேட்டார்.

"சிவப்புதான். உங்க பக்கம்?"

"எங்க பக்கமும் சிவப்புதான்."

இரண்டு சகலைகள் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாதா? பிறகு மாமியார் துண்டை நீட்டினார், துடைத்துக்கொண்டு வந்துவிட்டோம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போவார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அவர் மட்டும் போகவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "நீங்க போங்க சார், நான் இத கொஞ்சம் பாத்துட்டு வர்றேன்" என்றார். இரண்டு திரையிலும் அவர் எழுதியது ஓடிக்கொண்டிருந்தது. வெளியூரில் வளர்ந்து திரும்பிவந்த இரட்டைப் பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பார்க்க எனக்கே நன்றாகத்தான் இருந்தது. நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன், பொத்தானை அமுக்கினேன்.

கதவுக்குப் பக்கத்தில் உள்ளே இருப்பவரோடு பேச ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. முதலில் அவர் கதவைத் தட்டினார். பிறகு அதில் குரல் வந்தது. "சார், இருக்கீங்களா?" பதட்டமாகக்கூட இல்லை. நான் பேசவில்லை. கொஞ்சம் இடைவெளி. மறுபடி தட்டினார், "இருக்கீங்களா?" பிறகு அந்த இடைவெளியைப்போல் இரண்டு மடங்கு. மறுபடி. பிறகு அதற்கும் இரண்டு மடங்கு. அவர் எழுதியது அவர் உடம்பிலேயே ஊறியிருக்கிறது பாருங்கள், அதை நினைத்து அந்த நேரத்திலும் வியந்துபோனேன். எதிர்க் கதவிலும் போய்த் தட்டியிருப்பார் என்று நினைக்கிறேன், நடுவில் குரல் தூரத்திலிருந்து கேட்டது. அங்கிருந்தும் பதில் வரவில்லை. நிரலில் இருந்த பிழை அவரிடம் இல்லை. ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார்.

நான் போய்ச் சாப்பிட்டேன். வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் சகலை நின்றிருந்தார், அதே சட்டையில். எங்கள் பக்கத்துக் கடைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. 

நீங்கள் எங்கள் இரண்டு பேரையும் பிடித்துவந்த பிறகு என் வக்கீல் சொன்னதைக் கேளுங்கள். தங்கமான மனிதர், ஆனால் நுணுக்கம் போதாது. ஒரு பொத்தானை அமுக்கினால் எதுவும் ஆகாது என்று அந்த இயந்திரத்திலேயே எழுதியிருக்கிறது, ஆகவே நீங்கள் செய்தது எதுவும் ஆகாத ஒரு காரியம், அதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், வெளியே வந்துவிடலாம் என்றார். நேற்றுவரை நானும் அப்படித்தான் இருந்தேன். சகலைக்கும் அவர் வக்கீல் இதையேதான் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் ஒன்றும் ஆகாத காரியத்தைச் செய்தவர்களாக, மாலையில் வீட்டுக்குப் போயிருப்போம்.

நேற்று என் மனைவி பார்க்க வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, பொருமினாள். "சின்னவரு எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாராம். யோசிச்சது, செஞ்சது எல்லாம் நான் ஒருத்தன்தான்னு எழுதிக் குடுத்துட்டாராம். பேப்பர்ல அரைப் பக்கம், போட்டோவோட. என் தங்கச்சி அத மடிச்சு பையில வச்சிட்டு வீடு வீடா சுத்துறா. உங்களப் பத்தி கடைசியில ரெண்டு வரி. 'உடன் இருந்ததாகக் கருதப்படும் உறவினர்'."

உடன் இருந்ததாகக் கருதப்படும் உறவினர். நீங்களே சொல்லுங்கள், ஐயா, இது அடுக்குமா? இரவு முழுக்கக் கண்ணை மூடவில்லை. அந்த வீட்டுக்கு முதலில் மருமகனாக வந்தவன் நான். பெயரைச் சேர்ப்பதைவிட ஆளை நீக்குவது சுலபம் என்பது என் வாக்கியம், என் மண்டையில் உதித்தது. அதே வாக்கியம் அவருடைய வாக்குமூலத்திலும் வார்த்தை மாறாமல் இருக்கிறது என்று நீங்கள் காட்டியபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டீ ஆறுவதற்குள் என்பதுகூட இருக்கிறதாமே. அவருக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது. சட்டையைக்கூட மாமியார் எடுத்துக் கொடுத்தால்தான் போடுவார்.

எனவே முழுவதையும் ஒப்புக்கொள்கிறேன். நான்தான் யோசித்தேன், நான்தான் கொன்றேன், தனியாகக் கொன்றேன். இரண்டு பொத்தான் வேண்டுமே என்கிறீர்கள். நான் அழுத்தி அமுக்கினேன், இயந்திரம் அதை இரண்டாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அது போதவில்லை என்றால், கேமராவில் இரண்டு கதவிலும் தெரிவது சட்டைதான், முகம் தெரியவில்லை. இரண்டிலும் நின்றது நான்தான் என்று எழுதுங்கள். எந்தத் தண்டனையானாலும் சரி. என் பெயர் மட்டும் மேலே, முதல் வரியில், தனியாக வர வேண்டும். கூடவே இன்னொரு பெயர் வரக்கூடாது. உழைத்தவனுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?

நன்றி. எழுத்துக்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம், பரவாயில்லை.

கீழே இது என்ன, இறந்தவரின் பெயரா? என் வாயால் சொல்ல வேண்டுமா? எத்தனையோ ஆயிரம் தடவை என் கையால் எடுத்திருக்கிறேன், ஐயா. ஒரு தடவையும் வாசித்ததில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்களேன். அது இல்லாமலும் எல்லாம் நன்றாகத்தான் ஓடும்.